க்ரூகர் தேசியப் பூங்கா: நீங்களே கார் ஓட்டிக்கொண்டு சஃபாரி போவது எப்படி?

ஆப்பிரிக்காவில் விலங்குகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது கென்யா, தான்சானியா பேக்கேஜ்களைத்தான். வண்டி, ஓட்டுநர், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு விலை சொல்வார்கள். நாலு பேர் கொண்ட குடும்பம் என்றால் அந்த விலையைக் கேட்டதுமே ஆசையை ஒத்திப்போட்டுவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் இன்னொரு வழி இருக்கிறது. வாடகைக்கு ஒரு சாதாரண காரை எடுத்து, நீங்களே ஓட்டிக்கொண்டு, பூங்காவுக்குள்ளேயே அரசு முகாம்களில் தங்கி, வேண்டுமென்றால் நீங்களே சமைத்துச் சாப்பிட்டு, சிங்கமும் யானையும் பார்த்துவிட்டு வரலாம். வழிகாட்டி கட்டாயமில்லை, ஜீப்பும் கட்டாயமில்லை. முதல் முறை போகிறவர்கள் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். க்ரூகரில் அதிக தூரம் ஓடுகிறவர்களைவிட ஓரிடத்தில் நின்று காத்திருக்கிறவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்கள். கீழே சொல்லும் திட்டம் முழுவதும் இதை வைத்துத்தான் போட்டது.

எவ்வளவு பெரிய காடு

பரப்பளவு கிட்டத்தட்ட 19,500 சதுர கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்கே சுமார் 360 கிலோமீட்டர் நீளம். கிழக்கு எல்லையில் மொசாம்பிக், வடக்கே லிம்போபோ ஆற்றைத் தாண்டினால் சிம்பாப்வே. 1898இல் தெற்குப் பகுதி சாபி வேட்டைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1926இல் தேசியப் பூங்கா ஆனது. அடுத்த ஆண்டே சுற்றுலாக் கார்களை உள்ளே விட ஆரம்பித்தார்கள். பார்வையாளர்கள் சொந்தமாக வண்டி ஓட்டுவது அங்கே நூறு ஆண்டுப் பழக்கம். சாலைகள், பெயர்ப் பலகைகள், முகாம்கள் எல்லாம் அதற்கேற்ற மாதிரிதான் அமைந்திருக்கின்றன.

இந்தக் காட்டிலும் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். வடகோடியில் பஃபூரி பகுதியிலிருந்த மகுலேக்கே சமூகத்தை 1969இல் நிறவெறி அரசு கட்டாயமாக வெளியேற்றியது. 1998இல் அந்த நிலம் சட்டப்படி அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது. அதை அவர்கள் காடாகவே வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதல் பயணத்துக்குத் தெற்கும் நடுப்பகுதியும் போதும். சாபி ஆற்றை ஒட்டிய தெற்கில் காண்டாமிருகமும் சிறுத்தையும் இருக்கின்றன. சட்டாரா முகாமைச் சுற்றிய நடுப்பகுதி புல்வெளி. வரிக்குதிரைக் கூட்டங்கள், அவற்றைத் தொடரும் சிங்கங்கள், சிவிங்கிப்புலிகள் (சீட்டா) எல்லாம் அங்கே. ஒலிஃபண்ட்ஸ் ஆற்றுக்கு வடக்கே மொபானே மரக்காடு. யானைகளும் பறவைகளும் உண்டு, ஆனால் மற்ற விலங்குகள் அடர்த்தியாக இல்லை. அந்த அமைதி பிடித்தவர்கள் இரண்டாம் பயணத்தில் போகட்டும்.

எப்போது போவது

அங்கே மே முதல் செப்டம்பர் வரை குளிர்காலம், மழை இல்லாத காலம். புல் காய்ந்து படுத்துவிடும், இலைகள் உதிர்ந்துவிடும், குட்டைகள் வற்றிவிடும். விலங்குகள் தண்ணீர் இருக்கும் இடங்களைத் தேடி வந்தே ஆக வேண்டும். முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான் காலம். நவம்பர் முதல் மார்ச் வரை மழையும் வெயிலும். சில நாள் 40 டிகிரியை எட்டும். புல் ஆளுயரம் நிற்கும், சிங்கம் பத்தடியில் படுத்திருந்தாலும் தெரியாது. ஆனால் நவம்பர், டிசம்பரில் இம்பாலா மான்கள் குட்டி போடும், வலசைப் பறவைகள் வந்திருக்கும். பறவை பார்ப்பவர்கள் இந்தக் காலத்தைத்தான் விரும்புவார்கள்.

தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை மே மாதம் என்பது நமக்கு வசதி. மே நடுவில் அங்கே கூட்டம் குறைவு, பகலில் இதமான வெயில். புல் இன்னும் முழுதாகக் காய்ந்திருக்காது, அவ்வளவுதான். ஆண் இம்பாலாக்கள் இணைசேரப் போட்டிபோடும் காலமும் அதுவே. இரவில் முகாமுக்கு வெளியே கரகரவென்று உறுமல் கேட்டால் சிங்கம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சின்ன மான்தான் அப்படிக் கத்தும். ஜூன் இறுதியிலிருந்து ஜூலை நடுவரை தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறை. டிசம்பரும் அப்படித்தான். அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், சிங்கம் படுத்திருக்கும் இடத்தில் முப்பது கார் நிற்கும்.

முதல் வேலை: அறை

பலர் விமான டிக்கெட்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள். க்ரூகருக்கு அது தலைகீழ். பூங்காவுக்குள் தங்க அறை கிடைக்கிற தேதியைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். முகாம்களை நடத்துவது தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்கள் அமைப்பு. எல்லோரும் சான்பார்க்ஸ் என்பார்கள். அவர்களுடைய இணையதளத்திலேயே நேராகப் பதிவு செய்யலாம், இடைத்தரகர் தேவையில்லை. கிட்டத்தட்ட ஓராண்டுக்கு முன்பே பதிவு திறந்துவிடுகிறது. ஆற்றைப் பார்த்த அறைகள் வேகமாகப் போய்விடும்.

பூங்காவுக்கு வெளியே மலிவான விடுதிகள் நிறைய உண்டு. இருந்தாலும் உள்ளே தங்குங்கள் என்றுதான் அழுத்திச் சொல்வேன். வெளியே தங்கினால் வாசலில் வரிசையில் நின்று, நுழைவுத்தாள் வாங்கி, உள்ளே போவதற்குள் விலங்குகள் நடமாடும் முதல் ஒரு மணி நேரம் போய்விடும். உள்ளே தங்கினால் முகாம்க் கதவு திறந்ததும் காட்டுக்குள் இருப்பீர்கள். கோடையில் முகாம்க் கதவு காலை 4:30 மணிக்கே திறக்கிறது. வெளிவாசல் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

முகாம் என்றதும் கூடாரம் என்று நினைக்க வேண்டாம். கூரை வேய்ந்த வட்டக் குடிசை வடிவில் குளியலறை, ஃபிரிட்ஜ், ஏசியோடு நல்ல அறைகள் இருக்கும். கூடாரம் போடும் இடமும் உண்டு. பதிவு செய்யும்போது சமையலறையும் பாத்திரமும் அறையோடு சேர்ந்ததா, பொதுவானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில மலிவான குடில்களுக்குக் குளியலறையும் பொதுவானது. வயதானவர்களைக் கூட்டிப்போனால் அது சரிப்படாது.

அறை வாடகை தவிர, ஆளுக்கு ஒவ்வொரு நாளும் வனப் பாதுகாப்புக் கட்டணம் ஒன்று உண்டு. வெளிநாட்டவருக்கு அது உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு. குடும்பமாக ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் ‘வைல்ட் கார்ட்’ என்ற ஆண்டு அட்டை லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மேற்கு எல்லையை ஒட்டி சாபி சாண்ட், டிம்பாவடி போன்ற தனியார் காப்பகங்கள் இருக்கின்றன. பூங்காவுக்கும் அவற்றுக்கும் நடுவே வேலி கிடையாது. அங்கே ஜீப் புதருக்குள்ளேயே போகும், சிறுத்தையை மிக அருகில் காட்டுவார்கள். ஆனால் அங்கே ஒரு இரவுக்குக் கொடுக்கும் பணத்தில் அரசு முகாமில் பல நாள் தங்கலாம்.

விசா, தடுப்பூசி, மாத்திரை

அறைப் பதிவு கையில் இருந்தால் விசா விண்ணப்பம் சுலபம், ஏனென்றால் தங்குமிடச் சான்று கேட்பார்கள். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். குழந்தைகள் வந்தால் தாய், தந்தை இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் கூட்டிப்போவதாக இருந்தால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும்.

சென்னையிலிருந்து ஜோஹனஸ்பர்குக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் பிரச்சினை இல்லை. நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். கென்யாவும் எத்தியோப்பியாவும் மஞ்சள் காய்ச்சல் அபாயப் பட்டியலில் உள்ளவை. அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி வந்தால் தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊருக்குத் திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலும் கேட்கலாம். இல்லையென்றால் தனிமைப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அந்த வழியில் டிக்கெட் எடுத்திருந்தால் யோசிக்காமல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள், அங்கீகரிக்கப்பட்ட மையங்களில்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

மலேரியா இதைவிட முக்கியம். க்ரூகர் மலேரியா உள்ள பகுதி. செப்டம்பர் முதல் மே வரை அபாயம் கூடுதல், நடுக்குளிர்காலத்தில் மிகக் குறைவு. ஆக, மே விடுமுறையில் போகிறவர்கள் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். நமக்குப் பழக்கமான குளோரோகுயின் அங்கே உள்ள மலேரியாவுக்குப் பயன்படாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கண்டிப்பாக மருத்துவர் சொல்படிதான். மாத்திரை போட்டாலும் மாலையானதும் முழுக்கைச் சட்டை, கால்வரை மூடும் பேன்ட், கொசு விரட்டும் களிம்பு மூன்றும் வேண்டும்.

கார்

தென்னாப்பிரிக்காவிலும் வண்டி இடது பக்கம்தான், ஸ்டியரிங் வலது பக்கம்தான். நம் ஊரில் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அரை மணி நேரத்தில் பழகிவிடும். ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஓராண்டு செல்லும். அதோடு அசல் உரிமத்தையும் கொண்டுபோக வேண்டும். வாடகை நிறுவனங்கள் ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்கும். டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். டயருக்கும் கண்ணாடிக்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள், பூங்காவில் பாதிச் சாலைகள் செம்மண், சரளை.

சின்னக் காரே போதும், நாலு சக்கர இழுவை தேவையில்லை. ஆனால் எஸ்யூவி மாதிரி உயரமான வண்டி கிடைத்தால் அதை எடுங்கள். உட்காரும் உயரம் ஒரு அடி கூடினால் புல்லுக்கு மேலே பார்வை போகும். எல்லோருக்கும் ஜன்னல் ஓரம் கிடைக்கும்படி ஆட்களைக் கணக்கிடுங்கள். நடுவில் உட்கார்ந்த பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, அரை நாளில் அழுதுவிடும்.

ஜோஹனஸ்பர்கிலிருந்து என்4 நெடுஞ்சாலையில் எம்பொம்பேலா நகரம் வழியாகப் பூங்காவின் தெற்கு வாசல்களுக்கு நாலரை முதல் ஐந்து மணி நேரம் ஆகும். சாலை அருமை, சுங்கச்சாவடிகள் உண்டு. மதியத்துக்கு மேல் விமானம் இறங்கினால் அன்றைக்கே கிளம்ப வேண்டாம். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கி, விடிந்ததும் புறப்படுங்கள். இருட்டில் நெடுஞ்சாலையில் போகாதீர்கள். பையும் கைபேசியும் வெளியே தெரியும்படி காரில் வைக்காதீர்கள். வழியில் யாராவது கைகாட்டி நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டாம். நீண்ட தூரம் ஓட்டப் பிடிக்காதவர்கள் ஸ்குகூசா முகாமுக்கு அருகிலேயே இருக்கும் விமான நிலையத்துக்குப் பறந்துபோய் அங்கே கார் எடுக்கலாம்.

எங்கே எத்தனை இரவு

ஐந்து இரவுக்குக் குறைவாக என்றால் இவ்வளவு தூரம் போவது வீண். என் கணக்கு இப்படி:

லோயர் சாபி: இரண்டு இரவு. மலெலேன் அல்லது குரோக்கடைல் பிரிட்ஜ் வாசல் வழியே உள்ளே வாருங்கள். குரோக்கடைல் பிரிட்ஜிலிருந்து முகாம் சுமார் 35 கிலோமீட்டர்தான், ஆனாலும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முகாம் சாபி ஆற்றங்கரையில் இருக்கிறது. உணவகத்தின் மரத்தளத்தில் உட்கார்ந்தாலே நீர்யானையும் யானையும் தெரியும். வாசலைத் தாண்டினால் சன்செட் அணை. முதலை, நீர்யானை, நாரை வகைகள் எல்லாம் காருக்கு மிக அருகில்.

சட்டாரா: இரண்டு இரவு. லோயர் சாபியிலிருந்து எச் 10 சாலை வழியே, நடுவில் சொக்வானே உணவு நிறுத்தத்தில் சாப்பிட்டுவிட்டு, ஒரு முழுநாள் பயணமாக வாருங்கள். சட்டாராவில் அதிகாலையில் எஸ் 100 செம்மண் சாலை. சிங்கத்துக்குப் பேர்பெற்ற சாலை அது, கதவு திறந்ததும் பல வண்டிகள் அங்கேதான் பாயும். கூட்டம் பிடிக்காவிட்டால் மேற்கே ஓர்பென் வாசலுக்குப் போகும் எச் 7 சாலையில் ன்செமானி அணைக்குப் போய் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

ஸ்குகூசா: ஒரு இரவு. இதுதான் பெரிய முகாம், சின்ன ஊர் மாதிரி இருக்கும். கடை, மருத்துவர், பெட்ரோல் எல்லாம் உண்டு. அந்தப் பரபரப்பு எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அருகிலுள்ள லேக் பேனிக் மறைவிடத்துக்காகவே அங்கே தங்கலாம். காரை நிறுத்திவிட்டு மரப்பாதையில் நடந்து உள்ளே போய், பலகைப் பிளவு வழியாக நீர்நிலையைப் பார்க்கும் இடம் அது. அங்கிருந்து லோயர் சாபி வரை ஆற்றை ஒட்டிப் போகும் எச் 4-1 சாலை பூங்காவிலேயே விலங்குகள் செறிந்த சாலைகளில் ஒன்று. சிறுத்தைக்கு அதைப் பாருங்கள். மறுநாள் பால் க்ரூகர் வாசல் வழியாக வெளியேறினால், வழியில் பிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு ஜோஹனஸ்பர்க் திரும்பலாம்.

தூரத்தைக் கணக்கிடும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். வேகம் அளக்கும் கருவியோடு ஆட்கள் நிற்பார்கள், அபராதம் உண்டு. நின்று பார்த்துப் பார்த்துப் போனால் 25தான் வரும். சாலையின் எண்ணில் எச் என்று இருந்தால் முக்கியச் சாலை, எஸ் என்றால் கிளைச்சாலை. முதல் முகாம்க் கடையிலேயே வரைபடப் புத்தகம் ஒன்றை வாங்கிவிடுங்கள். கைபேசி இணைப்பு முகாம்களைத் தாண்டினால் நிச்சயமில்லை.

மீறக் கூடாதவை

காரை விட்டு இறங்கக் கூடாது. அனுமதித்த உணவு நிறுத்தங்கள், மறைவிடங்கள், காட்சி முனைகள், ஒலிஃபண்ட்ஸ் ஆற்றுப் பெரிய பாலத்தில் கோடு போட்ட பகுதி மாதிரிச் சில இடங்கள் மட்டும் விலக்கு. ஜன்னலிலோ மேற்கூரைத் திறப்பிலோ தலையையும் கையையும் வெளியே நீட்டக் கூடாது. காரை விலங்குகள் ஒரே பெரிய பொருளாகப் பார்க்கின்றன. அதிலிருந்து ஒரு மனித உருவம் பிரிந்து தெரிந்தால் பயந்து ஓடலாம் அல்லது பாயலாம். டயர் பஞ்சரானாலும் இறங்கி மாற்றாதீர்கள். எதிரில் வரும் வண்டியிடம் சொல்லி முகாமுக்குத் தகவல் அனுப்புங்கள். வாசலில் தரும் நுழைவுத்தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வெளியேறும்போது கேட்பார்கள்.

முகாம்க் கதவு மூடும் நேரத்தில் தாமதம் கூடாது. மே முதல் ஜூலை வரை மாலை 5:30. கடைசி நேரத்தில் சிறுத்தை எதிர்ப்பட்டு நின்றுவிட்டால் அதற்குப் பின் வேகம் எடுக்கவும் முடியாது. ஆகவே ஐந்து மணிக்கே கதவுக்குப் பத்து கிலோமீட்டருக்குள் இருங்கள்.

குரங்குக்கோ பபூனுக்கோ எதையும் கொடுக்காதீர்கள். பாவம் பார்த்து ஒரு வாழைப்பழம் கொடுத்தால், மனிதனைக் கண்டால் பாயப் பழகிவிடும். அப்புறம் அந்தக் குரங்கைச் சுட வேண்டிய நிலை வரும். ட்ரோனுக்கும் செல்லப்பிராணிக்கும் அனுமதி கிடையாது.

கழிப்பறை முகாம்களிலும் உணவு நிறுத்தங்களிலும் மட்டும்தான். நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் இருக்காது. வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள் வந்தால் ஒவ்வொரு நாள் வழியையும் கழிப்பறையை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

விலங்கு எங்கே இருக்கும்?

முதுமலையில் வனத்துறை வேனிலோ இலங்கையின் யாலாவில் ஜீப்பிலோ போனபோது, எங்கே பார்க்க வேண்டும் என்று கூட வந்தவர் சொல்லியிருப்பார். இங்கே அது உங்கள் வேலை. கொஞ்சம் பழகினால் போதும், நீங்களாகவே கண்டுபிடிப்பீர்கள். அந்த மகிழ்ச்சிக்காகத்தான் நீங்களே ஓட்டச் சொல்கிறேன்.

விடிந்ததும் கிளம்புங்கள். இரவில் நடந்த சிங்கங்களும் கழுதைப்புலிகளும் அந்நேரம் சாலையிலேயே நடந்து வரும். புல் ஈரமாக இருக்க, அவற்றுக்கும் சாலைதான் வசதி. முதல் இரண்டு மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்து மெதுவாகப் போங்கள். ஏசி போட்டு மூடிக்கொண்டால் பாதி காட்டை இழந்துவிடுவீர்கள். இம்பாலாக்கள் மூக்கால் சீறுவது, குரங்குகள் விடாமல் கத்துவது, கோழிபோன்ற பறவைகள் திடீரென்று அலறி எழுவது எல்லாம் அருகில் வேட்டை விலங்கு இருப்பதற்கான அறிகுறி. ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதை விட்டுவிட்டு ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றால், அந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்புங்கள். கழுகுகள் வரிசையாக ஒரு மரத்தில் உட்கார்ந்திருந்தால் கீழே இரை கிடக்கலாம்.

புதரைப் பார்க்காதீர்கள், புதருக்குள்ளே பாருங்கள். முழு விலங்கைத் தேடினால் கிடைக்காது. ஒரு காது அசைவது, ஒரு வால், நேர்க்கோடான ஒரு முதுகு இவைதான் முதலில் கண்ணில் படும். சிறுத்தைக்கு, ஆற்றோரப் பெரிய மரங்களில் கிடையாகப் போகும் தடித்த கிளைகளைப் பாருங்கள். தொங்கும் வால்தான் காட்டிக்கொடுக்கும். சிவிங்கிப்புலி மெலிந்த உடல், கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு, திறந்த வெளியில் கறையான் புற்றின் மேல் ஏறி நின்று பார்க்கும்.

பத்து, பதினொரு மணிக்கு வேட்டை விலங்குகள் நிழலில் படுத்துவிடும். அதற்குப் பிறகு ஓட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. இரண்டு வழி இருக்கிறது. முகாமுக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கி, மூன்று மணிக்கு மறுபடி கிளம்பலாம். இல்லையென்றால் ஒரு நீர்நிலையில் காரை நிழலாக நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். குளிர்காலத்தில் யானைக் கூட்டங்கள் நடுப்பகலில்தான் தண்ணீருக்கு வரும். முதலில் இம்பாலா ஒன்று தயங்கித் தயங்கி வரும், பிறகு வரிக்குதிரைகள் வரும், யானை வந்ததும் எல்லாம் விலகி வழிவிடும். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனையோ வண்டிகள் வந்து, ‘ஒன்றும் இல்லை’ என்று இரண்டு நிமிடத்தில் போய்விடும்.

சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் ஐந்தையும் ‘பிக் ஃபைவ்’ என்பார்கள். நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடிக்க ஓடினால் வழியில் உள்ள எல்லாம் தவறிப்போகும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே இருக்கின்றன. நம் பனங்காடையின் நெருங்கிய உறவான ஊதா மார்புப் பனங்காடை, மஞ்சள் அலகு இருவாச்சி இரண்டையும் முதல் நாளே பார்த்துவிடலாம். சாலையில் சாணத்தை உருட்டிப் போகும் வண்டுகளையும் கவனித்து, ஏற்றாமல் ஓட்டுங்கள்.

முகாம் வரவேற்பறையில் ஒரு பெரிய வரைபடம் மாட்டியிருக்கும். எங்கே எது தெரிந்தது என்று வண்ண அடையாளங்கள் குத்தியிருப்பார்கள். மாலையில் அதைப் பார்த்து மறுநாள் வழியை முடிவு செய்யலாம். கார்கள் குவிந்த இடத்தில் நடந்துகொள்ளும் முறையும் முக்கியம். சாலையை அடைக்காமல் ஒரு ஓரமாக நில்லுங்கள், இஞ்சினை அணையுங்கள், பார்த்து முடித்ததும் பின்னால் இருப்பவருக்கு இடம் விடுங்கள். விலங்கு சாலையைக் கடக்கப் பார்த்தால் அதன் வழியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

ஒருமுறையாவது பூங்கா வண்டியில் வழிகாட்டியோடு போங்கள். மாலை, இரவுப் பயணங்களில் நீங்களாகப் போக முடியாத நேரத்தில் காட்டைப் பார்க்கலாம். துப்பாக்கி ஏந்திய இரண்டு வழிகாட்டிகளோடு காலை நடையும் உண்டு, 12 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. இவற்றுக்கு முன்பதிவு வேண்டும்.

யானை எதிரே வந்தால்

காரில் போகிறவர்களுக்கு உண்மையான ஆபத்து சிங்கம் இல்லை, யானைதான். ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. கன்னத்தில் ஈரம் வழிவதை மட்டும் பார்த்து மதம் என்று முடிவு செய்ய முடியாது, அங்கே பெண் யானைக்கும் அப்படி வழியும். தனி ஆண் யானைக்குக் கன்னத்து ஈரத்தோடு, பின்னங்கால் இடுக்கில் சிறுநீர் விடாமல் சொட்டி, கடும் வாடையும் வந்தால் அது மதம். தலையை உயர்த்திக்கொண்டு சாலையின் நடுவே நடந்து வரும். அது விலகும் என்று காத்திருக்காதீர்கள். மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள், தேவைப்பட்டால் அரை கிலோமீட்டர்கூட. ஹாரன் அடிக்கக் கூடாது, இஞ்சினை உறுமவிடக் கூடாது.

கூட்டம் சாலையைக் கடந்தால் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். பாதி கூட்டம் போய்விட்டது என்று நடுவே புகுந்துவிடாதீர்கள். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் இருக்கலாம். நிற்கும்போதெல்லாம் பின்னால் போக வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நில்லுங்கள்.

சாப்பாடும் பெட்டியும்

முகாம் உணவகங்களில் இறைச்சிதான் பிரதானம். சைவர்களுக்கு பீட்ஸா, உருளைக்கிழங்கு வறுவல், சாலட் என்று சமாளிக்க வேண்டியிருக்கும். சமையலறையுள்ள அறை எடுத்திருந்தால் கவலையில்லை. எம்பொம்பேலாவின் சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, காய்கறி, தயிர் எல்லாம் கிடைக்கும். மசாலாப் பொடிகளும் கிடைக்கும். அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பாலும் பழமும் இறைச்சியும் ஊரிலிருந்து கொண்டுபோனால் சுங்கத்தில் பிடுங்கிவிடலாம். காலையில் எலுமிச்சை சாதமோ ரொட்டியோ கட்டி எடுத்துக்கொண்டால் உணவு நிறுத்தத்தில் சாப்பிடலாம், குரங்குகள் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

ஜூன், ஜூலை காலைகள் பத்து டிகிரிக்குக் கீழே போகும். ஊட்டிக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா எல்லாம் வேண்டும். பத்து மணிக்கு மேல் அரைக்கைச் சட்டை போதும். பைனாகுலர் வீட்டுக்கு ஒன்று என்றால் சண்டைதான் வரும், ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மடங்கு பெருக்கம் போதுமானது. கேமரா கை நடுங்காமல் இருக்க, துணிப்பையில் ஒரு கிலோ அரிசியை நிரப்பித் தைத்து ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் 230 வோல்ட். சாக்கெட் பெரும்பாலும் நம் வீட்டில் ஏசி, கீசருக்குப் போடும் பெரிய மூன்று முள் வகை. அதற்கேற்ற அடாப்டர் ஒன்று வாங்கிப்போங்கள்.

படம் போடும்போதும், வீடு திரும்பியும்

காண்டாமிருகத்தைப் பார்த்தால் எந்தச் சாலையில், எந்தக் குட்டையில் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், சமூக ஊடகத்திலும் போடாதீர்கள். கொம்புக்காக அவற்றைக் கொல்லும் கும்பல்கள் இன்னும் ஓயவில்லை, க்ரூகர் இழந்த காண்டாமிருகங்கள் ஏராளம். கைபேசியில் படத்தோடு இடக்குறிப்பு பதிவாகும் வசதியைப் பூங்காவுக்குள் நுழையும் முன்பே அணைத்துவிடுங்கள்.

தடுப்பு மாத்திரையை ஊர் வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. மருந்தைப் பொறுத்து இன்னும் ஒரு வாரமோ நாலு வாரமோ தொடர வேண்டும். திரும்பிய மூன்று மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய், ஆப்பிரிக்கா போய்வந்தோம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நம் ஊரில் வைரல் காய்ச்சல், டெங்கு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அங்கே பரவும் ஃபால்சிபாரம் மலேரியா ஓரிரு நாள் தாமதத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். மலேரியா ரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். முதல் முறை இல்லை என்று வந்து காய்ச்சல் நிற்காவிட்டால் மறுநாளும் செய்யச் சொல்லுங்கள்.